வாயைத் திறந்தாச்சு, நாக்குக்கு அடியிலும் பார்க்கலாமே

மாமாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மூன்று நாள் புகையிலையைக் கிள்ளி அந்தப் பல்லின் மேலேயே வைத்து அடக்கிப் பார்த்தார். எங்கள் பக்கம் பல்வலிக்கு முதல் மருந்து அதுதான். நான்காம் நாள் ராத்திரி தூக்கமே இல்லை என்றதும் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏற்றி ராமநாதபுரத்துக்குக் கூட்டிவந்தேன். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. இல்லையென்றால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியைச் சாய்த்துவிட்டு, “ஐயா, வலிக்கிற பல்லை அப்புறம் பார்ப்போம். முதல்ல வாய் முழுக்க ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்றார். மாமாவுக்கு எரிச்சல். “வலி இங்கன தாம்மா இருக்கு” என்று விரலை வைத்துக் காட்டினார்.

“தெரியுதுய்யா. ரெண்டே நிமிஷம்.”

கழுத்தின் இரண்டு பக்கமும், தாடைக்கு அடியிலும் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார், போனது. உதட்டைப் புரட்டினார். கன்னத்தைச் சின்னக் கண்ணாடியால் ஒதுக்கினார். ஒரு துண்டுத் துணியால் நாக்கு நுனியைப் பிடித்து வலப்பக்கம் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒரு இழுப்பு. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் லைட் அடித்தார். கடைசியில், இடது கீழ்க் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்துக்கு வந்ததும் கண்ணாடி நின்றுவிட்டது.

“புகையிலையை இந்தப் பக்கம்தானேய்யா அடக்குவீங்க?”

மாமா என்னை முறைத்தார். நான் முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைப்பு. நான் வாயே திறக்கவில்லை.

டாக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆறின கஞ்சியில் படிகிற ஏடு மாதிரி, வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக ஒரு திட்டு. கட்டைவிரல் நகம் அளவு. துணியால் துடைத்தார், போகவில்லை. மாமாவுக்கு அங்கே வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. இத்தனை நாள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மாமா இதற்கு முன்னால் இரண்டு பல் பிடுங்கியிருக்கிறார், வேறு வேறு இடங்களில். அங்கே யாரும் நாக்கைத் தூக்கச் சொன்னதில்லை. வலித்த பல்லைப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், பிடுங்கினார்கள், பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். இந்தத் திட்டு அப்போதே இருந்ததா, இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கில், உலகம் முழுக்க உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறக்குறைய 3,90,000 பேர். அதில் இந்தியாவில் மட்டும் 1,43,000 பேருக்கு மேல். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. அந்த ஒரே ஆண்டில் நம் நாட்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 80,000. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

கணையத்தில் ஒரு கட்டி வந்தால் ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. குடலில் வந்தால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். வாய் அப்படியில்லை. ஒரு லைட்டும் ஒரு கையுறை போட்ட விரலும் போதும். அப்படியிருந்தும் நம் நாட்டில் பாதிப்பேருக்கு மேல் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். கழுத்தில் நெரி கட்டி, வாயைத் திறக்க முடியாமல், சோறு இறங்காமல் வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பாட்டை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரி போவார்கள்?

சரி, அந்த வெள்ளைத் திட்டு என்ன?

வாய்ப் புற்றில் 100-க்கு 90-க்கும் மேல் ஒரே வகைதான். வாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலின் செல்களில் தொடங்குவது. அந்தத் தோல் திடீரென்று புற்றாக மாறிவிடுவது குறைவு. பல பேருக்கு அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று. இதை லூகோப்ளேகியா என்பார்கள். வெல்வெட்டுத் துணி மாதிரி சிவந்த திட்டு இன்னொன்று, பெயர் எரித்ரோப்ளேகியா. சிவப்பு வெள்ளையைவிட அபூர்வம், ஆனால் வெள்ளையைவிட ரொம்ப ஆபத்து. சிவப்பும் வெள்ளையும் கலந்து, புள்ளி புள்ளியாக இருந்தால் அதையும் லேசில் விடக்கூடாது.

மூன்றாவது ஒன்று உண்டு. இதற்கு நிறத்தைவிட இறுக்கம்தான் அடையாளம். காரம் பட்டால் எரியும். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட முடியவில்லை என்று வீட்டில் சண்டை வரும். அப்புறம் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, கயிறு கட்டின மாதிரி பட்டை பட்டையாக விறைக்கும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுக்கும். டாக்டர் மூன்று விரலை விடச் சொன்னது இதைப் பார்க்கத்தான். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். மறு வருஷமே பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவரும் எழுதினார். எர்ணாகுளம் பக்கம் இந்த நோய் இருந்த 66 பேரை 17 வருஷம் விடாமல் கவனித்து 1985-இல் ஒரு முடிவு வெளிவந்தது: ஐந்து பேருக்குப் புற்று வந்திருந்தது.

இதற்குக் காரணம் பாக்கு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும்.

இங்கேதான் நம் ஊரில் பேச்சு தடைபடும். “புகையிலை போடுறதை விட்டுட்டேன், வெறும் பாக்குதான்” என்று பெருமையாகச் சொல்பவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். கல்யாணத் தாம்பூலத்தில் பாக்கு, சாமிக்குப் பாக்கு, விருந்து முடிந்தால் பாக்கு, கடையில் தொங்குகிற சரத்தில் வாசனைப் பாக்கு, ஸ்கூல் பையன் கையில் இனிப்புப் பாக்கு. இதில் குற்றம் இருக்கும் என்று மனசு ஒப்பாது. ஆனால் அதே ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985-இலேயே சொல்லிவிட்டது. 2004-இல் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், பாக்குக் கொட்டையையும் அதே முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. சிகரெட் இருக்கிற பட்டியல் அது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் தோலுக்கு அடியில் நார்த்திசுவை வளரத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நாரை முறுக்கி இறுக்கிவிடுகிறது. சுண்ணாம்பு, அமிலத்துக்கு எதிரான காரப்பொருள். தோலை அரித்துக் கொடுத்து மற்றதெல்லாம் உள்ளே இறங்க வழி செய்கிறது. இந்தக் கூட்டத்தில் அப்பாவி என்றால் வெற்றிலை ஒன்றுதான். பாவம், பெயர் மட்டும் அதன் தலையில்.

மேல்நாட்டில் வாய்ப் புற்று என்றால் பெரும்பாலும் நாக்கின் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும் வரும். அதையும் தாண்டித் தொண்டைப் பக்கம் வருவதில் எச்.பி.வி. என்ற வைரசுக்குப் பெரிய பங்கு. நம் நாட்டில் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் முக்கிய இடம். காரணம் எளிது. குதப்பினதை அங்கேதான் அடக்கிவைக்கிறோம். மணிக்கணக்கில் அந்த ஒரே இடம் ஊறுகிறது. எங்கள் மாமாவிடம் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

கடலும் புகையிலையும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே மாவட்டத்தில். வடக்கே தொண்டி, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம். கிழக்கே மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். இந்த ஊர்களில் எத்தனை பேர் புகையிலை போடுகிறார்கள் என்று எண்ணிக்கை சொல்ல நான் வரவில்லை. ஏன் போடுகிறார்கள் என்பதைக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

படகில் காற்று பீடியை எரியவிடாது. வலை இழுக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். வாயில் அடக்கிக்கொண்டால் கை சும்மா இருக்கும், தூக்கமும் வராது, பசியும் கொஞ்சம் தள்ளிப்போகும். ராத்திரி முழுக்கக் கடலில் நிற்பவருக்கு இது பழக்கம் என்பதைவிட வேலைச் சாமான் மாதிரி. கரையில் கருவாடு காயப்போடும் பெண்களின் சுருக்குப்பையிலும், மரிக்கொழுந்துப் பாசி எடுக்க மூழ்கிவிட்டு வந்து தீவுக் கரையில் உட்காரும் பெண்களின் மடியிலும் வெற்றிலை இருக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்து வந்த வாய்க்கு அது ருசியாக இருக்கிறது என்று ஒரு ஆத்தா சொன்னார். எனக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை.

சட்டத்தைச் சொன்னால், குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருஷாவருஷம் நீட்டித்து வந்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கு எப்படிப் போனாலும், பெட்டிக்கடையில் கண்ணைக் காட்டினால் உள்ளேயிருந்து பொட்டலம் வரும் என்பது ஊரறிந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலைக்குக் கண்ணைக் காட்டவும் வேண்டியதில்லை.

பார்த்தால் உயிர் பிழைக்குமா?

இப்படிச் சோதித்துப் பார்ப்பதால் உண்மையிலேயே சாவு குறையுமா என்பது நியாயமான கேள்வி. இதற்கு உலகத்திலேயே பெரிய பதில் நமக்குப் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழு பகுதிகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய் வாயைப் பார்த்தார்கள். ஆறு பகுதிகளை வழக்கப்படியே விட்டுவைத்தார்கள். இரண்டிலும் சேர்த்து 1,90,000 பேருக்கு மேல். இதில் எனக்குப் பிடித்தது, பார்த்தவர்கள் டாக்டர்கள் கிடையாது. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பட்டதாரிகள். கையில் லைட், வாயில் நல்ல பேச்சு, அவ்வளவுதான்.

2005-இல் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றால் வரும் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கமே இல்லாதவர்களையும் சேர்த்து எல்லோருக்குமாகக் கணக்குப் போட்டால், குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 15 வருஷம் கழித்துப் பார்த்தபோது பழக்கமுள்ளவர்களிடம் குறைவு 24 சதவீதம். நான்கு சுற்றிலும் தவறாமல் வாயைக் காட்டியவர்களை மட்டும் தனியே எடுத்தால் 81 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து நான் துள்ளிக்குதிக்க மாட்டேன். நான்கு முறையும் ஒழுங்காக வருகிறவர் மற்ற விஷயத்திலும் ஒழுங்காகத்தான் இருப்பார். அந்தப் புண்ணியமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இதை வைத்து நான் புரிந்துகொள்வது ஒன்று. வருகிறவர் எல்லோருக்கும் பயம் காட்டி வாயைச் சோதிப்பதில் பெரிய லாபம் இல்லை. பல் டாக்டர் நாற்காலியில் வைத்து இப்படிப் பெரிய அளவில் யாரும் சோதித்து நிரூபித்ததும் இல்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2013-இல், அறிகுறி இல்லாத எல்லோரையும் சோதிக்கலாமா என்ற கேள்விக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது. அந்த ஊருக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே தெருவுக்குத் தெரு யாரும் வெற்றிலை மெல்லுவதில்லை. கேரளத்தில் பலன் கிடைத்த ஆள் யார்? புகையிலை போடுகிற, பீடி குடிக்கிற, சாயங்காலம் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிற நடுவயது ஆள். அந்த ஆள் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார், அந்தப் பக்கமும் இருக்கிறார். புகையிலையும் மதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

அதனால் டாக்டர் லைட் அடிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “என்ன போடுவீங்க, எத்தனை வருஷமா?” கேட்கிற விதத்தில் கேட்டால்தான் பதில் வரும். “பழக்கம் ஏதும் உண்டா?” என்று அதட்டினால் “எப்பவாவது” என்பார்கள். இந்த ‘எப்பவாவது’ ஒரு நாளைக்கு எட்டுப் பொட்டலம் வரை போகும். பக்கத்தில் பெண்டாட்டியோ மருமகனோ இருந்தால் இன்னும் குறையும்.

சோதனை என்று பெரிய பேராக இருக்கிறதே தவிர, காசு செலவில்லாத வேலை. பல் ஆஸ்பத்திரியில் எல்லாச் சாமானும் ஏற்கெனவே இருக்கிறது: சாய்கிற நாற்காலி, தலைக்கு மேல் லைட், கண்ணாடி, துணி. வேறு டாக்டர்கள் பெரும்பாலும் இவ்வளவு வெளிச்சத்தில் வாயைப் பார்ப்பதில்லை. சுகர் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதோடு சரி. பல் செட் வைத்திருப்பவர் என்றால் செட்டைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அதன் ஓரம் உரசுகிற இடத்தில் புண் ஒளிந்திருக்கும். உடைந்த பல்லின் கூர் நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தால் அதை ராவிவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். சாதாரணப் புண் என்றால் அதற்குள் ஆறிவிடும். ஆறாவிட்டால் அது வேறு விஷயம்.

இரண்டு வாரம் என்பதை மட்டும் எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ளலாம். வாய்ப்புண் எல்லோருக்கும் வரும்; சூடு, வயிறு, கவலை என்று காரணம் சொல்லிக்கொள்வோம். மாசிக்காய் உரசிப் போட்டாலும் போடாவிட்டாலும் அது பத்து நாளில் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் இருக்கிற புண், தொட்டால் அடியில் கட்டியாகத் தட்டுப்படுகிற இடம், காரணமில்லாமல் ஆடுகிற பல், காரணமில்லாமல் ரத்தம், நாக்கு மரத்துப்போவது, கழுத்தில் வலிக்காத நெரி. இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று செல்போன் லைட்டை அடித்தால் வீட்டிலேயே முக்கால்வாசி பார்த்துவிடலாம். நாக்கின் அடிப்பாகம் மட்டும் பழக வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் திட்டு எல்லாம் புற்று இல்லை. பெரும்பாலானவை அப்படி மாறுவதும் இல்லை. புகையிலை அடக்கும் இடத்தில் வரும் சுருக்கத் திட்டு, புகையிலையை விட்டால் பல பேருக்குச் சில வாரங்களில் தானே மங்கிவிடும். கண்ணால் பார்த்து எது போகும், எது முற்றும் என்று எவ்வளவு பெரிய டாக்டராலும் சத்தியம் செய்ய முடியாது. நீலச்சாயம் தடவிப் பார்ப்பது, நீல வெளிச்சம் அடித்துப் பார்ப்பது என்றெல்லாம் வந்திருக்கிறது. பெரிய ஊர்க் கிளினிக்குகளில் இதைத் தனிக் கட்டணமாகவும் போடுகிறார்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் கடைசியில் பயாப்சிதான். சின்னத் துண்டு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வெளிச்சக் கருவி இல்லை என்பதற்காக ஒரு கிளினிக்கை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

பயாப்சி என்றதும் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மாமாவைத் திரும்பக் கூட்டிப்போனோம். புகையிலையைப் பாதியாகக் குறைத்திருந்தார். விட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார். திட்டு கொஞ்சம் மங்கியிருந்தது, போகவில்லை. துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

“கத்தி வச்சா கிளம்பிரும்னு சொல்றாகளே?”

“யாருய்யா சொன்னது?”

“எல்லாரும்தான்.”

மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று சொல்கிற அதே எல்லாரும்தான். கத்தி பட்ட பிறகு நோய் பரவின மாதிரி தெரிவதற்குக் காரணம், கத்தி படுகிற நேரத்தில் அது ஏற்கெனவே பரவியிருப்பதுதான். அவ்வளவு தாமதமாக வந்திருப்பார்கள். டாக்டர் இதைப் பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். மரத்துப்போக ஊசி, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு, ஒரு தையல். துண்டு மருந்துக் குப்பிக்குள் போனது. மாமா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனூண்டுக்கா இவ்வளவு பேச்சு” என்றார்.

அனுப்பினால் போகிறார்களா?

கேரளச் சோதனையில் இன்னொரு எண் உண்டு. அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. வாயைப் பார்த்து, சந்தேகமாக இருக்கிறது, டாக்டரிடம் போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் போனவர்கள் 100-க்கு 63 பேர்தான். பார்த்தது வீடு தேடி வந்து. சொன்னது மலையாளத்தில், நல்லபடியாக. அப்படியும் போகாதவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல்.

நம் கரையில் அந்த எண் எவ்வளவாக இருக்கும் என்று யோசிக்கும்போது தூரம் முதலில் வருகிறது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். 2022-இலிருந்து அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கதிர்வீச்சு சிகிச்சை, பெரிய புற்று அறுவை என்றால் மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டருக்குப் பக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவின் பெரும் பகுதியை அது பார்த்துக்கொள்ளும். பஸ் காசு, கூடப் போகிறவரின் கூலி, தங்குகிற இடம், சாப்பாடு இதையெல்லாம் அட்டை பார்க்காது. ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் ஒரு அறுவையோடு போகும். முற்றினால் தாடை எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், கதிர்வீச்சு ஆறு ஏழு வாரம், வாரத்தில் ஐந்து நாள். கடல் தொழிலாளி குடும்பம் அதைத் தாங்காது.

இரண்டாவது, நாள். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாலு நாள் என்று பல வருஷமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. டாக்டர் சனிக்கிழமை வரச் சொன்னால் விசைப்படகுக்காரர் வர மாட்டார். வெள்ளிக்கிழமை சொன்னால் நாட்டுப்படகுக்காரர் வர மாட்டார். இதைத் தெரிந்து தேதி கொடுக்கிற கிளினிக் இருந்தால் அதுவே பாதி வைத்தியம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, விசைப்படகு ஆட்கள் மொத்தமும் கரையில், வலை பின்னிக்கொண்டு, சீட்டு ஆடிக்கொண்டு. கண் முகாம் நடத்துகிறார்கள், ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். படகுத்துறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு லைட் போட்டு வாயைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

அரசுக் காகிதத்தில் வழி இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வகுத்த நடைமுறைப்படி 30 வயதிலிருந்து 65 வயது வரை எல்லோருக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாய்ப் புற்றுச் சோதனையும், பெண்களுக்கு மார்பு, கருப்பைவாய்ப் புற்றுச் சோதனையும் செய்ய வேண்டும். வாயைப் பார்ப்பதைச் சுகாதாரப் பணியாளரே செய்யலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வாசலுக்கு வருகிற அந்த அக்கா, “அண்ணே, வாயை ஒரு தடவை காட்டுங்க” என்று சொன்னால் திருவனந்தபுரத்தில் நடந்தது இங்கேயும் நடந்த மாதிரி ஆகிவிடும். பல் டாக்டரிடம் வராத ஆளைப் பிடிக்க அதுதான் வழி. ஏனென்றால் பல் நாற்காலியின் பெரிய குறையே இது: வருஷத்துக்கு ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்ய வருகிறவர் பெரும்பாலும் எதுவும் போடாதவர், போடுகிறவர் வலி பொறுக்க முடியாதபோதுதான் வருவார். அப்படி வருகிற அந்த ஒரு நாள் கைநழுவினால் அடுத்த நாள் எப்போது என்று தெரியாது. மாமாவின் இரண்டு பல்லும் அப்படிப் போன இரண்டு நாள்.

அதனால் நாமே கேட்டுவிடுவது நல்லது. பல் பிடுங்கப் போனாலும் சரி, செட் கட்டப் போனாலும் சரி, “டாக்டர், வாய் முழுக்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. நான் புகையிலை போடுவேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த டாக்டரும் கோபப்பட மாட்டார். விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. புகையிலைப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். தமிழிலும் பேசுவார்கள்.

மாமாவின் ரிப்போர்ட் எட்டு நாளில் வந்தது. செல்களில் லேசான மாற்றம், புற்று இல்லை. புகையிலையையும் பாக்கையும் அடியோடு விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். பிடுங்க வேண்டும் என்று நாங்கள் நினைத்து வந்த அந்தக் கடைவாய்ப் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிவிட்டார். மாமாவின் கணக்கில் அதுதான் பெரிய லாபம்.

அடுத்த தேதி செப்டம்பரில், சனிக்கிழமை என்று சீட்டில் எழுதினார். மாமா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“அன்னைக்குக் கடலுக்குப் போகணும்மா. வெள்ளிக்கிழமையாப் போடுங்க.”

டாக்டர் அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதினார்.